கோப்பைக்குப் பதினாறாவது பெயர்

டிக்கோயாவிலிருந்து மேலே ஏறும் பாதையில் குருவிமலைத் தோட்டம் இருக்கிறது. அந்தத் தோட்டத்துக் கோல்ப் கிளப்பின் முன்கூடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு மரப்பலகை. பள்ளத்தாக்குக் கோப்பையை வென்றவர்களின் பெயர்கள் 1926 முதல் அதில் வரிசையாகப் பொன்னிற எழுத்தில் இருக்கின்றன. மூன்று வருடங்களுக்கு மட்டும் பெயர் கிடையாது, வெறும் கோடுதான். அந்தப் பலகையின் தூசியைப் பத்து வருடம் துடைத்தவள் சண்முகவடிவு. எந்த வரியில் எந்தப் பெயர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவளுக்கு அது எப்படி வந்தது என்று கேட்டால், துடைத்துத் துடைத்து வந்தது என்பாள்.

கோப்பை பிறந்த கதையைக் கிளப்பில் ஒரு விதமாகச் சொல்வார்கள், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தில் வேறு விதமாகச் சொல்வார்கள். லயத்துக் கதை இது. இரண்டு வெள்ளைக்காரத் துரைமார் ஆற்றைத் தாண்டிப் பந்தை அடிப்பது யார் என்று சண்டை பிடித்தார்கள். இரண்டு பேரின் பந்தும் தண்ணீருக்குள் போனது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த தோட்டத்து டாக்டர் எழுந்து வந்து ஓர் அடி அடித்தார், பந்து அக்கரையில் விழுந்தது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. தன் வீட்டு வெள்ளிக் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்து, வருடா வருடம் போட்டி நடக்க வேண்டும் என்று விதி எழுதிவிட்டார். முதல் நாள் காலையில் பதினாறு பேர் நிற்க வேண்டும், ஒரு தலை குறைந்தாலும் அந்த வருடம் கோப்பை பெட்டியைவிட்டு வெளியே வராது என்பது அவர் போட்ட விதிகளில் ஒன்று. பலகையில் உள்ள மூன்று கோடுகளும் அப்படி விழுந்தவைதான். இரண்டு, உலக யுத்தக் காலத்தில். ஒன்று, தோட்டங்கள் கைமாறி ஆட்கள் கலைந்துபோன வருடத்தில்.

டாக்டரின் இன்னொரு விதிதான் வடிவை இந்த விளையாட்டுக்குள் இழுத்து விட்டது.

ஆறாம் குழிக்குப் போகும் வழியில் வலது பக்கம் முழுக்கத் தேயிலை. அடிக்கிற பந்துகளில் நாலில் ஒன்று அதற்குள் போகும். துரைமார் உள்ளே இறங்கி மிதித்தால் செடி பாழாகும் என்பதால், விளையாடுகிறவர் தேயிலைக்குள் கால் வைக்கக் கூடாது. கோப்பை நடக்கும் நாட்களில் அந்த மலையில்தான் கொழுந்தெடுப்பு வைப்பார்கள். கொழுந்தெடுக்கிற பெண்ணின் கண்ணில் பந்து பட்டால், அதைத் தொடாமல் கையை உயர்த்திக்கொண்டு நிற்க வேண்டும். விளையாடுகிறவர் ஓரத்துக்கு வந்து கேட்ட பிறகு எடுத்துக் கொடுக்க வேண்டும். அவர் ஓர் அடியைத் தண்டனையாகச் சேர்த்துக்கொண்டு புல்லில் வைத்து ஆடலாம். எந்தக் கையும் உயராவிட்டால் பந்து தொலைந்த கணக்கு. திரும்ப, அடி தொடங்கிய மேட்டுக்கு ஏறி முதலிலிருந்து அடிக்க வேண்டும், தண்டனையும் உண்டு. உலகத்தில் வேறு எங்காவது இப்படி ஒரு விதி இருக்கிறதா என்று தெரியாது. குருவிமலையில் இது குழந்தைக்கும் தெரியும்.

கொத்மலைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த பெண்ணுக்கு மட்டும் தெரியாது. 1991-ஆம் வருடம், மாசி மாதம். பத்தொன்பது வயது வடிவு, இராமையாவுக்கு வாழ்க்கைப்பட்டு இந்தத் தோட்டத்துக்கு வந்து பதினோராம் நாள். கொழுந்து கிள்ளிய வேகத்தில் செடிக்கு அடியில் வெள்ளையாக எதுவோ கிடக்கக் கண்டாள். எடுத்தாள், கூடைக்குள் போட்டாள், அடுத்த செடிக்குப் போனாள். வேறொரு தோட்டத்துப் பெரிய துரை அன்றைக்கு இறுதி ஆட்டத்தில் முன்னிலையில் இருந்தார். அவருடைய பந்து அது. ஒரு கையும் உயராததால் அந்தக் குழியைத் தோற்று, அப்படியே கோப்பையையும் தோற்றார். பின்னேரம் கொழுந்து நிறுக்கும்போது பச்சை இலைக்கு நடுவிலிருந்து பந்து உருண்டு கங்காணியின் கால் பக்கத்தில் போய் நின்றது.

அவளைக் கிளப் வாசலுக்குக் கூட்டிப் போனார்கள்.

"ஏன் கை தூக்கல?" என்று கங்காணி கேட்டார்.

"தூக்கணும்னு யாரும் சொல்லலீங்க."

அதை யாரும் காதில் வாங்கவில்லை. மூன்று நாள் வேலை கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த மூன்று நாளும் லயத்துக் கதவைச் சாத்திக்கொண்டு வடிவு அழுதாள் என்று நினைத்தால் தப்பு. அவளுக்கு வந்தது கோபம். சொல்லித் தராத பாடத்துக்குப் பிரம்படியா என்று புருஷனிடம் பொரிந்து தள்ளினாள். இராமையா தேயிலை ஆலையில் வேலை செய்கிறவர், ரொம்பப் பேசாத மனிதர். "சரி, இப்ப என்ன செய்யப் போற?" என்று மட்டும் கேட்டார்.

"இந்த வெளையாட்ட முழுசாத் தெரிஞ்சுக்கப் போறேன்" என்றாள் வடிவு.

பெண்டாட்டி கோபத்தில் சொல்கிறாள் என்று அவர் நினைத்தார். முப்பது வருடம் கழித்தும் அந்தக் கோபம் ஆறியிருக்கவில்லை.

தோட்டத்து ஆம்பிளைகள் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போகத் தொடங்கியபோது, விளையாடுகிறவர்களின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கக் கிளப்புக்கு ஆள் கிடைக்கவில்லை. வடிவு போய் நின்றாள். கொழுந்துக் கூடையை நெற்றியில் மாட்டி மலை ஏறிய கழுத்துக்கு இந்தப் பை ஒரு பாரமா? முதல் வருடம் வாயைத் திறக்காமல் நடந்தாள். இரண்டாம் வருடம் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று சொல்லத் தொடங்கினாள். ஐந்தாம் வருடம் வங்கி மனேஜரும் ஆஸ்பத்திரி டாக்டரும் "வடிவு வந்தாத்தான் ஆடுவேன்" என்று அடம்பிடித்தார்கள். மகள் ஷாமிலா பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்ததும், கிளப்பில் கழித்துப் போட்ட விதிப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து, சோறு வேகும் நேரத்தில் ஒவ்வொரு பக்கமாகச் சொல்ல வைத்தாள். சோறு குழைந்த நாட்கள் பல. அந்தப் பிள்ளை இன்றைக்குத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. அவளுடைய ஆங்கிலத்தின் முதல் பாதி கோல்ப் விதி என்று வீட்டில் இப்போதும் கேலி செய்வார்கள்.

திங்கட்கிழமை கிளப்புக்கு விடுமுறை. அன்றைக்கு வேலையாட்கள் வேண்டுமானால் விளையாடிக்கொள்ளலாம் என்று பழைய வழக்கம். யாரோ விட்டுப்போன மட்டைகள் ஐந்தைச் சேர்த்து வைத்திருந்தாள் வடிவு. ஐந்தும் ஐந்து சாதி. ஒன்றின் பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கும். செடிகளின் உச்சி ஒரே மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கக் கொழுந்தெடுக்கிறவர்கள் குறுக்கே வைக்கும் மட்டக்கம்பைக் குழியருகே புல்லில் கிடத்தி, அதன் ஓரமாகவே பந்தைத் தள்ளிப் பழகினாள். மழை பெய்தாலும் பழகினாள். பனிமூட்டத்தில் குழியே தெரியாத நாளிலும் பழகினாள். இருபது வருடத் திங்கட்கிழமைகள் என்றால் எத்தனை என்று நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்.

இதோடு இன்னொரு வழக்கத்தையும் அவளாகவே உண்டாக்கியிருந்தாள். கோப்பை தொடங்கும் வாரத்தில் ஒரு நாள் காலையில் பெரட்டுக்களத்துக்குப் போவாள். ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் அந்த இடத்தில் நின்று, புதிதாக வந்த பெண்களுக்கு ஆறாம் மலை விதியைச் சொல்லுவாள். தொடாதே, கையைத் தூக்கு, கேட்ட பிறகு கொடு. கங்காணிமார் சிரித்தாலும் சொல்லி முடிக்காமல் நகரமாட்டாள்.

சரி, ஆசைக்கு வருவோம். பலகையைத் துடைக்கும்போதெல்லாம் அவளுக்கு ஒன்று தோன்றும். இந்தத் தோட்டத்தில் அவள் பெயர் எழுதப்பட்ட இடங்கள் எல்லாம் அடுத்தவர்கள் எழுதியவை. வேலைக்கு வந்த கணக்கு வைக்கும் செக்ரோலில் எழுதினார்கள், மூன்று நாள் நிறுத்தியபோது தண்டனைப் புத்தகத்தில் எழுதினார்கள். இந்தப் பலகையில் ஒரு வரி தன் கையால் சம்பாதித்ததாக இருக்க வேண்டும். வேறெதுவும் அவளுக்கு வேண்டாம்.

தை மாதம் பிறந்ததும் கிளப் கதவில் ஒரு தாள் ஒட்டுவார்கள். பதினாறு கோடுகள் போட்டிருக்கும். சேருகிறவர்கள் தங்கள் பெயரை எழுத வேண்டும். 2015-இல் முதல் தடவையாகப் பதினாறாவது கோட்டில் தமிழ் எழுத்தில் 'சண்முகவடிவு' என்று எழுதினாள். கிளப் செயலாளர் ஹேரத், கினிகத்தேனைக்காரர், தமிழ் சரளமாகப் பேசுகிறவர். கண்ணியமான மனிதர்தான். ஆனால் விதி என்றால் விதி அவருக்கு. அறைக்குள் போய் அடிமட்டத்தை எடுத்துவந்து, பெயரின் மேல் வைத்து, கோணாமல் ஒரு கோடு கிழித்தார்.

"கோவிச்சுக்காத வடிவு. மெம்பர்மாருக்கு மட்டும்தான். பதினாறாவது எடத்துக்கு ஒரு மெம்பர் வர்றாரு."

"சரிங்க மாத்தயா" என்றாள்.

அடுத்த வருடமும் எழுதினாள். அவரும் அடிமட்டத்தை எடுத்தார். அதற்கடுத்த வருடமும் அதே கூத்து. இப்படி ஒன்பது வருடம். கடைசியில் ஹேரத்துக்கே அது சங்கடமாகிப்போய், யாரும் இல்லாத நேரம் பார்த்துத்தான் கோடு கிழிப்பார். சின்னக் கோடு, பேனா அழுத்தாத கோடு. ஆனாலும் கிழிப்பார். ஒன்பது தடவையும் வடிவு வீட்டுக்குப் போய் அதைச் சொன்னதில்லை.

2024-இல் காலம் மாறியிருந்தது. கிளப்பில் பல பேர் வெளிநாடு போய்விட்டார்கள், சில பேருக்கு வயதாகிவிட்டது. பெயர் கொடுக்கும் கடைசி நாள் மாலையில் தாளில் பதினைந்து பெயர்கள். பதினாறாவது கோட்டில், வழக்கம் போல, தமிழ் எழுத்து.

ஹேரத் தாளைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். நான்காவது வெறுங்கோடு தன் காலத்தில் விழுவதா என்று அவர் மனதுக்குள் ஓடியிருக்க வேண்டும். வடிவு கையில் துணியோடு பலகை ஓரமாக நின்றாள். அந்த வருடம் அவர் அடிமட்டத்தை எடுக்கவில்லை. தாளைக் கதவிலிருந்து கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "வெள்ளிக்கிழமை காலைல ஏழு மணி. நேரத்துக்கு வந்துரு" என்றார்.

ஐம்பத்திரண்டு வயதில், மகளின் பழைய விளையாட்டுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு, சண்முகவடிவு பள்ளத்தாக்குக் கோப்பையில் இறங்கினாள். ஒருவரோடு ஒருவர் மோதி, அதிகக் குழிகளை வென்றவர் அடுத்த ஆட்டத்துக்குப் போகும் போட்டி அது. மூன்று நாளில் நான்கு ஆட்டம் வென்றால் கோப்பை.

எதிரில் நின்றவர்கள் ஒரு விஷயத்தை மறந்துவிட்டார்கள். அவர்கள் அத்தனை பேருடைய பையையும் அவள் தூக்கியிருக்கிறாள். வங்கி மனேஜருக்கு ஒரு பந்து தப்பினால் அடுத்த மூன்றும் கோபத்திலேயே தப்பும். அவள் அந்த ஒரு பந்துக்காகப் பொறுமையாகக் காத்திருந்தாள். ஆஸ்பத்திரி டாக்டருக்கு இடது பக்கம் தண்ணீர் இருந்தால் கை வலது பக்கம்தான் போகும். அரையிறுதியில் வந்தவர் அவள் பன்னிரண்டு வருடம் தொடர்ந்து பை தூக்கிய ஓய்வு பெற்ற துரை. எட்டாம் குழியில் தோற்றதும் அவர் தொப்பியைக் கழற்றினார். "நீ என் பக்கத்தில இல்லாம நான் என்னத்த ஆட?" என்று சிரித்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சனிக்கிழமை மாலைக்குள் செய்தி லயம் லயமாக இறங்கிவிட்டது. வடிவு இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எதிரில் நின்றது சின்னத்துரை நிரோஷன். பெரிய துரைக்கு அடுத்த அதிகாரி, இருபத்தேழு வயது, கண்டியில் முறையாகப் பயிற்சி எடுத்தவர். அவருடைய அடி அவளுடையதைவிட ஐம்பது கஜம் கூடப் போகும். அவர் புதிது என்பதால் அவருடைய பையை மட்டும் அவள் தூக்கியதில்லை. இறுதி ஆட்டம் ஒன்பது குழிகளையும் இரண்டு தரம் சுற்றும். அவர் தூரமாக அடித்தார், அவள் நேராக அடித்தாள். அவர் குழியருகே வந்து தடுமாறினார், அவள் மட்டக்கம்பை மனதில் கிடத்தி உள்ளே தள்ளினாள். இரண்டாம் சுற்றில் ஆறாம் குழிக்கு வந்தபோது வடிவு ஒரு குழி முன்னே. இன்னும் நான்குதான் பாக்கி.

வலது பக்கத்துத் தேயிலையில் வழக்கப்படி கொழுந்தெடுப்பு. கொழுந்து எங்கே எடுத்தார்கள், எல்லாக் கண்ணும் புல்வெளியில்தான். வடிவோடு ஒன்றாகப் பெயர் பதிந்து, ஒரே நிரையில் நின்று கொழுந்தெடுத்த பழைய கூட்டாளி பேச்சியம்மா முன்வரிசையில் நின்றாள். மேலே கங்காணி.

வடிவு அடித்தாள். பந்து கிளம்பும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. காற்று தூக்கிக்கொண்டு போய்த் தேயிலைக்குள் போட்டது.

ஒரு நிமிடம் போனது. கை இல்லை. இன்னொரு நிமிடம் போனது. பெண்கள் குனிந்து குனிந்து தேடினார்கள். தேடுவதற்கு மூன்று நிமிடம்தான் விதி, நிரோஷன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நிமிடம் முடியும் தறுவாயில் பேச்சியம்மாவின் கை விருட்டென்று உயர்ந்தது.

"இந்தா இருக்கு வடிவு!"

மலை முழுக்கக் கலகலத்தது. வடிவும் நிரோஷனும் ஓரத்துக்குப் போனார்கள். பேச்சியம்மா குனிந்து எடுத்து, இரண்டு செடிகளுக்கு மேலாகக் கையை நீட்டிக் கொடுத்தாள். அவள் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கின் முடிச்சு அவிழ்ந்து தொங்கியதை வடிவு பார்த்தாள். கொழுந்தெடுக்கிறவர்கள் கண்டெடுத்த பழைய பந்துகளை முடிந்து வைக்கும் முடிச்சு அது.

பந்தைத் திருப்பிப் பார்த்தாள். வடிவு தன் பந்துகளில் ஷாமிலாவின் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வைப்பாள். இதில் பொட்டு இல்லை. பழுப்பேறிய, ஒரு பக்கம் கீறல் விழுந்த கிழட்டுப் பந்து.

"ஒங்க பந்துதானே?" என்று நிரோஷன் கேட்டார். அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவள் சொன்னால் அதுதான் முடிவு.

வடிவு பேச்சியம்மாவைப் பார்த்தாள். அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷம். தான் செய்தது களவு என்று அவளுக்குக் கொஞ்சமும் தோன்றவில்லை. பந்து என்றால் பந்து, கூட்டாளிக்குத் தேவைப்பட்டது, தன்னிடம் ஒன்று இருந்தது, கொடுத்தாள். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் ஆட்டம் கையில் நிற்கும், பலகை பக்கத்தில் வந்துவிடும். இல்லை என்றால் குழி போகும். குழி போவதோடு முடியாது. வேண்டுமென்றே பொய்க் கை தூக்கினாள் என்று மேலே நிற்கிற கங்காணி பேச்சியம்மாவைப் பிடித்துக்கொள்வார். மூன்று நாள் வேலை இல்லாமல் வீட்டில் இருப்பது எப்படி இருக்கும் என்று வடிவுக்குத் தெரியும்.

அவள் குரலை உயர்த்தி, மேலே நிற்கிறவருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"பந்தக் கண்டா கை தூக்கணும்ங்கறதுதான் விதி. பேச்சி பந்தக் கண்டா, தூக்குனா. அவ மேல தப்பே இல்ல. ஆனா சின்னத்துரை, இது என் பந்து இல்லீங்க."

நிரோஷன் திரும்பி மேட்டைப் பார்த்தார். "அப்ப மேட்டுக்குப் போகணும் வடிவு" என்றார் மெதுவாக.

"தெரியும்ங்க" என்று திரும்பி மேடு ஏறினாள். அந்த ஏற்றத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது, கண் கலங்கியது, பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள். மறுபடி அடித்த பந்து நேராகத்தான் போனது. என்ன செய்ய, தண்டனை சேர்ந்துவிட்டதே. அந்தக் குழி நிரோஷனுக்கு. இப்போது இருவரும் சமம்.

ஏழாம் குழி சமம். எட்டாம் குழியில் நிரோஷன் வென்றிருக்க வேண்டியது, வடிவு இருபது அடியிலிருந்து உள்ளே தள்ளி அதையும் சமமாக்கினாள். ஒன்பதாம் குழி கிளப் வாசலுக்கு நேர் எதிரே. ஹேரத் படியில் நின்றார். இராமையா வேலி ஓரத்தில் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். நிரோஷன் முடித்துவிட்டார். வடிவுக்கு ஆறடி பாக்கி, உள்ளே போனால் சமம், தப்பினால் கோப்பை அவருக்கு. தள்ளினாள். பந்து நேராகப் போய், குழியின் விளிம்பில் ஏறி, உள்ளே விழுவதா வேண்டாமா என்று பார்த்துவிட்டு, வெளியிலேயே நின்றது.

அவ்வளவுதான். தொண்ணூற்றெட்டு வருடக் கோப்பை ஒரு விரற்கடையில் போனது.

வெள்ளிக் கிண்ணத்தை நிரோஷன் வாங்கியபோது வடிவு முன்னால் நின்று கை தட்டினாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. கூட்டம் கலைந்த பிறகு, புல் வெட்டும் மெஷின் நிறுத்தும் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். 1991-இல் அழாத அழுகையும் சேர்ந்து வந்தது.

பேச்சியம்மா தேடிக்கொண்டு வந்தாள். கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, படங்கைக்கூட அவிழ்க்காமல் ஓடி வந்திருந்தாள். அவளைக் கண்டதும் வடிவுக்கு அழுகை நின்று ஆத்திரம் வந்தது.

"அறிவிருக்கா ஒனக்கு? வருஷா வருஷம் பெரட்டுல நின்னு கழுத கத்துற மாதிரிக் கத்துறேனே, அது ஒன் காதுல ஏறலியா?"

"ஏறுனதாலதானே கை தூக்குனேன்."

"யாரு பந்துக்குடி தூக்குன?"

பேச்சியம்மா தரையைப் பார்த்தாள். "நீ ஜெயிக்கணும்னு மலையே தவிச்சுக்கிட்டு நின்னுச்சு வடிவு. நாங்க வேற என்ன செய்ய? மலையில நிக்கிறவளுக்கு ஏதோ கை தூக்கத்தான் தெரியும்."

வடிவு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பேச்சியம்மாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கறுத்து, வெடித்து, நாளைக்கு இருபது கிலோ கொழுந்து கிள்ளுகிற கைகள். தோளும் அப்படித்தான், கல்லு மாதிரி.

"எனக்காகக் கை தூக்குனது போதும்" என்றாள். "திங்கக்கெழம வேல முடிஞ்சு இங்க வா. அந்தக் கையில ஒரு மட்டயக் குடுத்துப் பாக்குறேன். அடுத்த வருஷம் கதவுல தாள் ஒட்டுவாங்க. தூக்குற கைய அங்க தூக்கி ஒன் பேர எழுது."

"எனக்கா? போடி பைத்தியம்."

"என்னயும் அப்படித்தான் சொன்னாங்க."

பேச்சியம்மா அந்தத் திங்கட்கிழமை வரவில்லை. அதற்கடுத்த திங்கட்கிழமை வந்தாள். முதல் ஆறு அடியில் ஐந்து தடவை மண்ணை வெட்டினாள். ஆறாவது அடி பட்டபோது பந்து ஆற்றைத் தாண்டிப் போனது. இரண்டு பெண்களும் அது விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்றைக்கு இருட்டும் வரைக்கும் வீட்டு ஞாபகமே வரவில்லை.

2025 தை. கதவில் தாள் ஒட்டப்பட்டது. போன வருட இறுதி ஆட்டத்தின் கதை ஹட்டன் வரைக்கும் போயிருந்ததால் இந்தத் தடவை பெயர்களுக்குப் பஞ்சமில்லை. கிளப்பை விட்டு ஒதுங்கியிருந்தவர்கள்கூட வந்து எழுதிப் போனார்கள். கடைசி நாள் மாலையில் வடிவு வந்து பார்த்தபோது பதினைந்து கோடுகள் நிறைந்திருந்தன. பதினாறாவது கோட்டை மட்டும் யாரும் தொடவில்லை. அது அவளுடையது என்று எல்லாருமே விட்டு வைத்திருந்தார்கள். வடிவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தமிழ் எழுத்தில் பெயரை எழுதினாள்.

பிறகு பேனாவைப் பின்னால் நீட்டினாள். பேச்சியம்மா வாங்கிக்கொண்டு தாளின் முன்னால் திகைத்து நின்றாள். எழுத இடமில்லை, கோடுகள் முடிந்துவிட்டன. ஆனாலும் எழுதினாள். அடியில் இருந்த வெள்ளைப் பகுதியில், ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, தன் பெயரை எழுதி முடித்தாள்.

ஹேரத் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். வந்து தாளைப் படித்தார். உள்ளே போய் மேசை இழுப்பறையைத் திறந்தார். கையில் அடிமட்டத்தோடு திரும்பி வந்தார். அந்த அடிமட்டத்தை ஒன்பது வருடம் பார்த்தவள் வடிவு. பேச்சியம்மாவுக்கு முன்னால் போய் மறித்துக்கொண்டு நின்றாள்.

"கொஞ்சம் தள்ளு வடிவு" என்றார் ஹேரத்.

அடிமட்டத்தைத் தாளில் வைத்தார். பேச்சியம்மாவின் பெயருக்குக் கீழே வைத்து, மேலே இருந்த பதினாறு கோடுகளைப் போலவே நீளமாக ஒரு கோடு போட்டார். ஓரத்தில் பதினேழு என்று எண் எழுதினார்.

"பதினாறுக்குக் கொறயக் கூடாதுன்னுதான் டாக்டர் எழுதியிருக்காரு. கூடக் கூடாதுன்னு எழுதல" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஆனா ஒரு ஆள் கூடிப்போச்சு. வெள்ளிக்கிழமைக்கு முந்தி ஒரு ஆட்டம் வைக்கணும். கடைசியாப் பேர் குடுத்த ரெண்டு பேரும் வியாழக்கிழமை மோதுங்க. ஜெயிச்சவங்க உள்ள வரலாம்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

படி இறங்கும்போது பேச்சியம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "நீ பத்து வருஷம் நின்ன எடம் வடிவு. நான் வேணும்னா மெதுவா அடிச்சு..."

"அடிச்சுப் பாரு" என்றாள் வடிவு. "ஒரு பந்த நீ வேணும்னே விட்டேன்னு தெரிஞ்சுது, அப்புறம் ஒன் மொகத்துல முழிக்க மாட்டேன். என்னைத் தோக்கடிக்க முடிஞ்சா தோக்கடி. நான் விடமாட்டேன்."

"அப்படின்னா நானும் விடமாட்டேன்."

"அது பேச்சு."

கொஞ்ச தூரம் நடந்த பிறகு பேச்சியம்மாவுக்கு வேறொரு கவலை வந்தது. "வியாழக்கிழம நம்ம ரெண்டு பேரும் இங்க ஆடிக்கிட்டு நின்னா, ஆறாம் மலையில நமக்கு யாரு கை தூக்குறது? இந்தத் தடவ அஞ்சாறு புதுப் பிள்ளைங்க வந்திருக்குதுங்க. அதுகளுக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரியாதுன்னா யாரு மேல தப்பு?" என்றாள் வடிவு. "நாளைக்குக் காலைல ஆறு மணிக்குப் பெரட்டுக்கு வந்துரு. ரெண்டு பேருமாச் சொல்லிட்டு வருவோம்."